எழுந்தவளுக்கு உணவு கொடுத்தோமா?



சென்ற ஆண்டு நமது பங்கின் பாதுகாவலர் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று, திருப்பலியின் முடிவில் நாம் ஓர் அறிவிப்பை வாசித்தோம். அசனத்திற்குச் சமையல் செய்ய ஆட்கள் போதவில்லை; மரியாயின் சேனையைச் சார்ந்த தாய்மார் அனைவரும் சனிக்கிழமை மாலையே வந்துவிட வேண்டும்; எவரும் சாக்குப்போக்குச் சொல்லலாகாது என்பது அதன் சாரம். அந்தக் கடைசி வாக்கியம் காகிதத்தில் இல்லை. அது நம் வாயிலிருந்து தானாக வந்தது.

சனிக்கிழமை மாலை சமையற்கொட்டகைக்கு வந்தவர்களுள் ஒரு தாயும் இருந்தார். வயது நாற்பத்து நான்கு. கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்து அன்றைக்கு முப்பத்து மூன்றாம் நாள். வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறார். ஆனால் சோற்று அண்டாவை இறக்கும்போது ஒரு பக்கம் பிடிக்க ஆள் இல்லை, அவர் பிடித்தார். அன்றிரவு பதினொரு மணிக்கு உதிரப்போக்குத் தொடங்கியது. விடியுமுன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உள்ளே தைத்திருந்த இடம் ஒரு பகுதி பிரிந்து, சீழும் பிடித்திருந்தது. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் தையல், ஒன்பது நாள் படுக்கை.

திருவிழா சிறப்பாக நடந்தேறியது என்று மறுநாள் நாம் மேடையில் நின்று எல்லாருக்கும் நன்றி கூறினோம். அந்தத் தாய் எங்கே என்று கேட்கவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் உபதேசியார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வந்தது.

அவருடைய இசைவைப் பெற்று, பெயரையும் தெருவையும் மறைத்து இதனை எழுதுகிறோம். "எனக்கு நேர்ந்தது இன்னொருத்திக்கு நேரக்கூடாது, எழுதுங்கள் சாமி" என்று அவரே கூறினார்.

நற்கருணையுடன் நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நற்கருணை உட்கொண்டபின் நெடுநேரம் பேசவில்லை. பின்பு கேட்டார்: "சாமி, என்னோடு அதே வாரத்தில் ஆப்பரேஷன் செய்துகொண்ட மூன்று பேரும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் விசுவாசம் குறைந்துவிட்டதா?" நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், வாசற்படியில் நின்ற மாமியார் குறுக்கிட்டார்: "பேதுருவின் மாமியார் காய்ச்சல் விட்ட உடனே எழுந்து பணிவிடை செய்தாளே, சாமி! நீங்கள்தானே பிரசங்கம் வைத்தீர்கள்?"

உண்மை. வைத்தது நாமே. அன்று வாயடைத்துப்போனோம். அந்த அம்மாவுக்கு உரிய மறுமொழியை இக்கட்டுரையின் இறுதியில் தருவோம். முதலில் உடலின் கதையைத் தெரிந்துகொள்வது நலம். மருத்துவப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவரிடம் நாம் கேட்டறிந்ததை அப்படியே உங்கள் முன் வைக்கிறோம்.

வெளிக்காயமும் உட்காயமும்

நம் தாய்மார் பலர் 'பெரும்பாடு' என்னும் மிகுந்த உதிரப்போக்கினாலோ, கருப்பைக் கட்டிகளாலோ, கருப்பை கீழிறங்குவதனாலோ, புற்றுநோயினாலோ இச்சிகிச்சைக்கு உள்ளாகின்றனர். எல்லாக் கட்டிக்கும் கருப்பையை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. மருந்தினால் அடங்குவன உண்டு. கட்டியை மட்டும் நீக்கத்தக்கனவும் உண்டு. ஆகவே அவசரமில்லாத நிலையில் இன்னொரு மருத்துவரையும் கலந்துகொள்வது அறிவுடைமை. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நம் நாட்டின் உச்சநீதிமன்றமே மாநிலங்களுக்கு ஆணையிட்டுள்ளது. எனினும் இத்திங்கள் நாம் பேசுவது, தேவை கருதிச் சிகிச்சை முடித்துக்கொண்டு வீடு திரும்பியவர்களைக் குறித்தே.

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையானால், உடல் தேறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சிறு துளைகளின் வழியாகவோ கீழ்வழியாகவோ செய்தால் சற்று முன்னதாகவே எழுந்து நடமாடலாம். வெளித்தையலைப் பிரித்தவுடன் காயம் ஆறிவிட்டது என்று வீட்டார் எண்ணுகின்றனர். பெருந்தவறு இங்கேதான் நிகழ்கிறது. கருப்பையை எடுத்தபின், பிறப்புறுப்பின் உட்பாதை மேல்முனையில் தைத்து மூடப்படுகிறது. அத்தையல் கண்ணுக்குத் தெரியாது. அது மெல்லத்தான் கூடும். துளைவழிச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் உள்ளே இருப்பது அதே தையல்தான். வெளியே தழும்பு சிறிதாக இருப்பதால் உள்ளேயும் சிறிய காயமே என்று எண்ணிவிடலாகாது.

ஆதலால் முதல் ஆறு வாரத்திற்காவது பாரம் தூக்குதல் கூடவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் கொண்ட குடம் 15 கிலோ எடை. அதனை இடுப்பில் ஏற்றும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் அந்தத் தையலின்மேல் இறங்குகிறது. மாவாட்டும் கல்லைத் தூக்குவதும், நனைந்த போர்வையைப் பிழிவதும், மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைப்பதும் அவ்வாறே. ஆனால் ஓயாது படுத்துக் கிடப்பதும் நன்றன்று. கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க வீட்டிற்குள்ளும் முற்றத்திலும் நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும். மலச்சிக்கல் இச்சிகிச்சைக்குப்பின் பலரை வருத்துவது. முக்கினால் தையலுக்கு ஆகாது. கீரையும் பழமும் போதிய தண்ணீரும் கொடுங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேட்க வெட்கப்பட வேண்டா. இல்லற உறவினையும் ஆறு வாரத்திற்குக் குறையாமல், மருத்துவர் பரிசோதித்து இசைவு தரும்வரை, கணவர் தள்ளிவைத்தல் கடமை. இதனை மனைவி கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு விடாதீர்கள்.

சில வாரங்களுக்குச் சிறிதளவு உதிரக்கசிவு இருப்பது வழக்கந்தான். ஆனால் உதிரம் மிகுதியாகப் பெருகினாலும், துர்நாற்றமுள்ள நீர் வடிந்தாலும், 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் கண்டாலும், காயம் சிவந்து வீங்கினாலும், சிறுநீர் போகாமல் அடைத்தாலும், வயிற்றுவலி நாளுக்கு நாள் ஏறினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சுத்திணறி நெஞ்சு வலித்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. "விடியட்டும் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நம் வீட்டுப் பெண்கள் பொறுக்கின்றனர். இதில் பொறுமை புண்ணியமன்று.

மூன்று பேர் எழுந்துவிட்டார்கள், நான் மட்டும் ஏன் எழவில்லை என்று அந்தத் தாய் கேட்டாரே, அதற்கும் அருட்சகோதரி விடை தந்தார். ஆண்டுக்கணக்கில் உதிரம் இழந்து இரத்தசோகையோடு அறுவை மேசைக்குச் சென்றவருக்குத் தேறும் ஆற்றல் குறைவாகவே இருக்கும். சர்க்கரை நோயுள்ளவருக்குக் காயம் ஆறச் சுணங்கும். சீழ் பிடித்தால் காலம் இரட்டிக்கும். ஒருவரது உடல் இன்னொருவரது உடலுக்கு அளவுகோல் ஆகாது. விசுவாசத்தை இரத்தப் பரிசோதனையால் அளக்க முடியாதது போலவே, காயம் ஆறும் வேகத்தாலும் அளக்க முடியாது.

வீட்டார் செய்யத்தக்கவை

நாம் அடுத்த முறை சென்றபோது அக்குடும்பத்தின் தலைவரைத் தனியே அழைத்துப் பேசினோம். நல்ல மனிதர். மருத்துவச் செலவுக்கு அஞ்சியவரல்லர்; வட்டிக்குக் கடன் வாங்கியும் சிகிச்சை செய்தவர். ஆயினும், "வீட்டு வேலையை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டதும் தலை குனிந்தார். ஆப்பரேஷனுக்குப் பணம் கட்டியதோடு தம் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தார். மனைவி மருத்துவமனையிலிருந்து வந்த பத்தாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டதை அவர் தடுக்கவில்லை. "அவளாகத்தான் எழுந்தாள்" என்றார்.

நம் பெண்கள் தாமாக எழுவதில்லை, அன்பர்களே. சோறு பொங்காத அடுப்பைப் பார்த்து எழுகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கசங்கிய சட்டையைப் பார்த்து எழுகிறார்கள். படுத்தே கிடக்கிறாள் என்று அடுத்த அறையில் முணுமுணுக்கும் குரலைக் கேட்டு எழுகிறார்கள். பங்குச் சாமியார் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பைக் கேட்டும் எழுகிறார்கள். ஓய்வெடு என்று வாயால் சொல்வது போதாது. வேலை முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர்களால் படுக்க இயலும்.

ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, அடுத்த இரண்டு மாதம் யார் எதைச் செய்வது என்பதையும் குடும்பமாகக் கூடிக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுப்பது கணவரோ மகனோ ஆகட்டும். ஆண்பிள்ளை துணி துவைத்தால் அவனது மதிப்பு குறைந்துவிடாது. நாசரேத்து வீட்டில் சூசையப்பர் தண்ணீர்க் குடத்தைத் தொடவே இல்லை என்று எந்த நற்செய்தியாளரும் எழுதிவைக்கவில்லை. உறவினர் உதவிக்கு வருவதாயின் முதல் வாரமே எல்லாரும் வந்து கூடிவிட்டு மறைந்துவிடாமல், முறைவைத்து வாருங்கள். மூன்றாம் வாரமும் ஐந்தாம் வாரமுமே வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பார்க்கவரும் அயலார் இன்னொருத்தி விரைவாக எழுந்த கதையைச் சொல்லாமல், ஒரு தூக்குவாளியில் ரசமோ கஞ்சியோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, சிறு மீன் என்று இரத்தமும் எலும்பும் ஊறும் உணவு அவளுடைய தட்டிலும் விழ வேண்டும். எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை இந்த இரண்டு மாதமாவது நிறுத்துங்கள். பிறகு அது திரும்பி வராவிட்டாலும் நட்டமில்லை.

மனத்தின் காயம்

கருப்பையுடன் சினைப்பைகளையும் எடுக்க நேரிட்டால், இயற்கையில் பல ஆண்டுகளில் மெல்ல நிகழ வேண்டிய மாற்றம் ஓரிரு நாள்களிலேயே உடலில் நிகழ்ந்துவிடுகிறது. திடீரென உடம்பு தீப்பற்றியது போல் காந்தும், வியர்த்துக் கொட்டும், இரவில் உறக்கம் வராது, காரணமின்றி அழுகை வரும், கோபமும் வரும். இதனைக் குணக்கேடு என்று கணவரும், பேய்க்கோளாறு என்று பாட்டியும் பழிக்கக் கேட்டிருக்கிறோம். இரண்டுமன்று. சினைப்பை சுரந்த சுரப்புநீர் நின்றுபோனதால் உண்டாகும் விளைவு அது. அதற்கு மருத்துவம் உண்டு. குறிப்பாக நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் எலும்பையும் இதயத்தையும் காக்கும்பொருட்டு மருத்துவரிடம் இதுபற்றிக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். சினைப்பைகள் எடுக்கப்பட்டனவா, விடப்பட்டனவா என்பதை வீடு திரும்புமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு இதுவே தெரிவதில்லை.

இன்னொரு துயரமும் உண்டு. "பிள்ளைகளைச் சுமந்த இடம் போய்விட்டது, இனி நான் வெறும் கூடு" என்றார் அந்தத் தாய். மேலும் பிள்ளை வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஆயினும் அழுதார். அவ்வழுகையைத் தடுக்க நாம் முயலவில்லை. தம் உடலின் ஒரு பகுதிக்காக, அதுவும் உயிர்களைத் தாங்கிய பகுதிக்காக ஒரு பெண் துக்கம் கொள்வது நியாயமே. பிள்ளையே பெறாமல் கருப்பையை இழந்தவரின் துக்கம் இதனினும் ஆழமானது, "இன்னும் என்ன அழுகை?" என்று அவரை எவரும் கேட்கலாகாது. ஆனால் பெண்மை ஓர் உறுப்பில் மட்டும் குடியிருப்பதன்று. இறைச்சாயலாகப் படைக்கப்பட்டது முழு மனிதப் பிறவி; அச்சாயலை எந்தக் கத்தியும் அறுத்தெடுக்க முடியாது. இதனைக் கணவர் தம் வாயால், ஒருமுறையன்று பலமுறை, மனைவியிடம் சொல்ல வேண்டும். நாம் நூறு முறை சொல்வதிலும் அவர் ஒருமுறை சொல்வது மேலானது. துக்கம் வாரக்கணக்கில் நீண்டு, உண்ணவும் உறங்கவும் வாழவும் விருப்பமற்றுப் போனால், அதற்கும் தனி மருத்துவம் தேவை. மன்றாட்டு மருந்துக்குப் பகையன்று.

மனச்சான்றின் கலக்கம்

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே, தயங்கித் தயங்கி நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது பாவமா, சாமி?" நோய் தீர்க்கும்பொருட்டுச் செய்த சிகிச்சை பாவமன்று. 1968ஆம் ஆண்டில் புனித ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல், பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் நோக்கத்தோடு செய்யும் முறைகளை விலக்குகிறது. அதே மடல், உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையினால் பிள்ளைப்பேறு தடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அத்தடை நோக்கமாக இல்லாதவரை அது தகுமென்றும் தெளிவாக்குகிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் கருப்பை நீக்கம் பற்றியே கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையளித்து, எந்நிலைகளில் அது தகும் என்பதை விளக்கியுள்ளது. ஆகவே நோயின் காரணமாகச் சிகிச்சை பெற்ற தாய்மார் அமைதியாயிருங்கள். வேறு நோக்கத்தோடு செய்துகொண்டு மனம் வருந்துவோர்க்கும் ஒப்புரவின் வாயில் அடைபட்டிருக்கவில்லை.

ஞாயிறு திருப்பலிக்கு வர இயலவில்லையே என்று ஏங்குவோர்க்கும் ஒரு சொல். நோயுற்றோர்க்கு அக்கடமை இல்லை. வந்தால், முழங்காலிட வேண்டிய வேளையிலும் உட்கார்ந்தே இருக்கலாம். அதைப் பார்த்து முகஞ்சுளிப்பவரே பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லட்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசமும் நோயாளிகளையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. கடும் நோயின்பொருட்டு அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் முன்னதாகவே நோயில் பூசுதலைப் பெறலாம். முன்னாளில் அதனை 'அவஸ்தைப் பூசுதல்' என்றழைத்ததனால், சாமியார் எண்ணெயோடு வந்தால் சாவு வந்துவிட்டது என்னும் அச்சம் இன்னும் சில வீடுகளில் போகவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே அந்த எண்ணத்தைத் திருத்தியது. எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் கேள்விப்பட்டவர்கள் யாராவது சொல்லியனுப்புங்கள். நாங்கள் எப்போதும் தாமாகக் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இக்கட்டுரையே சான்று.

மாமியாருக்கு மறுமொழி

பேதுருவின் மாமியார் எழுந்து பணிவிடை செய்தது உண்மையே. ஆனால் அவரைத் தொட்டு எழுப்பியது ஆண்டவருடைய கரம். காய்ச்சல் அக்கணமே முற்றிலும் நீங்கிற்று. அவர் வயிற்றில் தையல் இருக்கவில்லை. மேலும், எழுந்து வேலை செய் என்று ஆண்டவர் அவருக்குக் கட்டளையிட்டதாக நற்செய்தியில் ஓர் எழுத்தும் இல்லை.

ஆண்டவர் கட்டளையிட்டது வேறோர் இடத்தில். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு பெண், கையிலிருந்ததையெல்லாம் மருத்துவர்களுக்குச் செலவழித்தும் தேறாதவர், கூட்டத்தில் வந்து ஆண்டவருடைய ஆடையைத் தொடுகிறார். சாகக் கிடக்கும் சிறுமியின் வீட்டிற்கு விரைந்து செல்லும் வழியில் ஆண்டவர் நின்றுவிடுகிறார். அவசரம் என்று அப்பெண்ணைத் தள்ளவில்லை. அவருடைய கதை முழுவதையும் சொல்லவிட்டுக் கேட்கிறார். மகளே என்று அழைக்கிறார். பின்பு அச்சிறுமியை உயிர்ப்பிக்கிறார். அவள் எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மெய்ம்மறந்து வியந்து நிற்கும்போது, அவளுக்கு ஏதேனும் உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் பணிக்கிறார்.

மரித்தவளை எழுப்ப வல்லவருக்கு அவள் பசியை ஆற்றுவதும் எளிதே. ஆயினும் அதனை வீட்டாரிடம் விட்டார். குணமாக்குவது இறைவனின் வேலை. அக்குணத்தைப் பேணி வளர்ப்பது வீட்டின் வேலை. எழுந்து நடந்தவளிடம் அவர் பணிவிடை கேட்கவில்லை. அவளுக்குப் பணிவிடை செய்யச் சொன்னார்.

இதனை அந்த மாமியாரிடம் நாம் சொன்னபோது, அவர் நம்மோடு வாதாடவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எனக்கு மூன்று பிரசவத்திலும் ஒருவரும் சோறு போட்டதில்லை, சாமி" என்றார். நாம் அதுவரை அவரைக் குற்றம் சாட்டும் மனத்தோடு இருந்தோம். அன்றுதான், யாரும் பேணாத காயம் எத்தனை ஆண்டு ஆறாதிருக்கும் என்பது நமக்குப் புலனாயிற்று. அடுத்த வாரம் சென்றபோது மருமகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாய் முழுதும் தேற ஏழு மாதங்கள் ஆயின. இன்றும் மாலை வேளையில் களைப்பு வருகிறதாம். சேனைக் கூட்டத்திற்கு வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறார்.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு நாம் வாசிக்கவிருக்கும் அறிவிப்பு இப்போதே எழுதியாயிற்று. நோயுற்றோரும், அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், பிள்ளை பெற்றோரும் சமையற்கொட்டகைக்கு வரவேண்டா. அண்டா தூக்க இளைஞர் மன்றத்தார் வருவர். அசனச் சோற்றில் முதற்பங்கு நோயுற்றோர் இல்லங்களுக்குச் செல்லும். அதனைக் கொண்டுபோய்க் கொடுப்பவருள் நாமும் ஒருவராயிருப்போம்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான மரியன்னை நம் தாய்மாருக்காக மன்றாடுவாராக. இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.